உங்கள் மன்றத்துக்குப் பாரம்பரியச் சான்றிதழ் வாங்குவது எப்படி?

ஊராட்சி மன்ற உறுப்பினராக நியமனம் பெற்ற அண்ணனுக்கு முதலில் வாழ்த்து. மாலை வாடுவதற்குள் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்கள் பெயர் எதில் நிற்க வேண்டும்? சாலைக் குழியை மூடினால் அடுத்த மழைக்கு அது வாயைத் திறந்துவிடும். கால்வாயைத் தூர் வாரினால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. குப்பை லோரி நேரத்துக்கு வந்ததற்காக ஜொகூரில் எங்கும் பாராட்டுக் கூட்டம் நடந்ததாகத் தெரியவில்லை. பழங்கட்டடம் அப்படியில்லை. அதை ஏற்கெனவே யாரோ கட்டி முடித்துவிட்டார்கள். குத்தகைக்காரர் பாதியில் ஓடிவிடுவார் என்ற பயம் இல்லை. நீங்கள் போய் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டால் போதும்.

ஓட்டுப் போட்டவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்திவைத்தார்கள்; 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. மன்றத் தலைவரைத் தவிர 8 பேருக்குக் குறையாமல், 24 பேருக்கு மிகாமல் மாநில அரசே உறுப்பினர்களை நியமிக்கிறது. ஒரு தவணை 3 ஆண்டைத் தாண்டாது. அதற்குள் ஒரு சான்றிதழைச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால், உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு அதைக் கழற்ற மனம் வராது.

சான்றிதழ் என்றதும் நான் கற்பனை செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் அது நிஜமாகவே இருக்கிறது. நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். ஊர் கொதித்தது. 1966-இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1980-இல் அதைத் திருத்தி, பழங்கட்டடங்களைக் காக்கும் தகுதி உள்ள ஊராட்சிகளுக்குச் சான்று தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கேட்பவை ஐந்து. உள்ளூரில் பாதுகாப்புச் சட்டம் இருக்க வேண்டும், அது ஏட்டில் தூங்கக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் உட்கார்ந்த ஆணையம் வேண்டும். ஊரில் என்னென்ன இருக்கின்றன என்று கணக்கெடுத்த பட்டியல் வேண்டும், அதைப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். மக்கள் வந்து பேச வழி வேண்டும். மாநிலம் ஒப்படைக்கும் வேலையைச் செய்து காட்ட வேண்டும். செய்துவிட்டால், மாநிலத்துக்கு வரும் மத்தியப் பாதுகாப்பு நிதியில் குறைந்தது 10 விழுக்காடு சான்று பெற்ற ஊராட்சிகளுக்கே போகும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இந்தச் சான்றை வாங்கியிருக்கின்றன.

மலேசியாவில் இப்படி ஒரு சான்றிதழ் கிடையாது. மனம் தளர வேண்டாம். கொடுப்பவர் இல்லாத சான்றிதழில் ஒரு சௌகரியம் உண்டு: நிபந்தனைகளையும் நாமே எழுதிக்கொள்ளலாம். அந்த ஐந்தையும் நம் ஊர் வழக்கத்துக்குத் தகுந்தபடி எப்படி நிறைவேற்றுவது என்று சொல்வதுதான் இந்தக் கைநூலின் வேலை.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். நீங்கள் புதிதாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை. 645-ஆவது சட்டம், அதாவது 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம், 2006 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கென்று ஓர் ஆணையர் இருக்கிறார், பதிவேடு இருக்கிறது. பாரம்பரியப் பாதுகாப்பை மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் சேர்க்க அரசியலமைப்பையே 2005-இல் திருத்தினார்கள். ஆனால் நிலம் மாநிலத்தின் கையில். ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் இடத்தைப் பாரம்பரியத் தளமாக அறிவிக்க வேண்டுமானால் ஆணையர் அந்த மாநிலத்தின் சம்மதத்தைப் பெற வேண்டும். கட்டவும் இடிக்கவும் அனுமதி தருவதோ உங்கள் மன்றம். அதாவது கதவுக்கு மூன்று பூட்டு, சாவி மூவரிடம்.

இதன் அருமையை நீங்கள் உடனே புரிந்துகொண்டிருப்பீர்கள். பத்திரிகைக்காரர் கேட்டால் “அது மத்திய அரசின் சட்டம்” என்று சொல்லுங்கள். மத்தியிலிருந்து கேட்டால் “நிலம் மாநிலத்தின் உரிமை” என்று சொல்லுங்கள். மாநிலத்திலிருந்து கேட்டால் “தனியார் சொத்து, உரிமையாளர் விருப்பம்” என்று சொல்லுங்கள். மூன்று பதிலும் உண்மை. இந்த முறை ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டது. கோலாலம்பூரில் 1929-இல் கட்டிய பொக் மாளிகையை 2006 டிசம்பரில் இடித்தபோது, புதிய சட்டத்துக்கு வயது ஒன்பது மாதம். கெடா பூஜாங் பள்ளத்தாக்கில், நாம் கடாரம் என்று மேடைக்கு மேடை முழங்குகிற அதே மண்ணில், 11-ஆம் எண் சண்டி என்று ஆய்வாளர்கள் குறித்து வைத்திருந்த பழங்கோயில் அடித்தளத்தை வீடமைப்பு வேலைக்காக மண்ணோடு தள்ளிவிட்டார்கள். விஷயம் 2013 டிசம்பரில்தான் வெளியே தெரிந்தது. அது தனியார் நிலத்தில் இருந்தது. அரசிதழில் அறிவிக்கப்படவே இல்லை. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டதை நாம் மறக்கவில்லை. அங்கே எந்தக் கல் எந்த லாட்டில் கிடக்கிறது என்பதைத்தான் யாரும் பார்த்து வைக்கவில்லை.

ஆகவே அண்ணனுக்கு என் மிக முக்கியமான அறிவுரை: பட்டியல் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பட்டியல் ஆபத்தானது. ஒரு கடைவீட்டின் முகவரி, லாட் எண், நெற்றிச் சுவரில் சுண்ணாம்பில் புடைத்திருக்கும் ஆண்டு, ஓட்டின் வகை, நடுவே வானம் தெரியும் முற்றம் இன்னும் திறந்திருக்கிறதா மூடிவிட்டார்களா என்ற குறிப்பு, நான்கு பக்கப் படங்கள். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கோப்பில் போட்டுவிட்டால், அந்தக் கட்டடம் ஒரு நாள் காணாமல் போகும்போது காணாமல் போனது என்று நிரூபிக்க முடியும். தாள் இல்லாத இடத்தில் எதுவும் காணாமல் போவதில்லை. அங்கே எப்போதும் கார் நிறுத்துமிடம்தான் இருந்தது.

பட்டியல் இல்லாமல் முடியாது என்று அதிகாரிகள் அடம் பிடித்தால், யாரும் இடிக்கத் துணியாத கட்டடங்களை மட்டும் எழுதுங்கள். ஜொகூர் பாருவில் இதற்குப் பஞ்சமே இல்லை. 1866-இல் எழுந்த இஸ்தானா புசார். 1892-இல் தொடங்கி 1900-இல் முடித்த சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசல். முப்பதுகளில் மேட்டின் மேல் எழும்பத் தொடங்கிய சுல்தான் இப்ராஹிம் கட்டடம். 1909-இல் திறந்து, 2010-இல் பக்கத்திலேயே ஜேபி சென்ட்ரல் வந்ததும் ஓய்வு பெற்ற பழைய ரயில் நிலையம். நான்கையும் எழுதி, பளபளப்பான தாளில் அச்சடித்து, சுற்றுலாப் பயணிக்குக் கொடுத்துவிடலாம். இவற்றைக் காக்க உங்கள் மன்றம் ஒரு கூட்டமும் போட வேண்டியதில்லை. அரண்மனையை இடிக்க அனுமதி கேட்டு எந்த டெவலப்பர் வரப்போகிறார்?

ஜாலான் துருஸ், ஜாலான் இப்ராஹிம், ஜாலான் டோபி, ஜாலான் தான் ஹியோக் நீ பக்கம் மட்டும் போகாதீர்கள். பழைய கடைவீடுகள் இருக்கும் அங்கேதான் சிக்கல். கம்பிர், மிளகுத் தோட்டங்களால் பெரும் செல்வம் சேர்த்து, அபு பக்கார் ஆட்சியில் சீனர்களின் தலைவராக விளங்கிய தான் ஹியோக் நீயின் பெயரை நம் தெருவுக்கு வைத்திருக்கிறோம். அவர் சிங்கப்பூரில் கட்டிய வீடு அக்கரையில் 1974 முதல் தேசிய நினைவுச் சின்னம். சிங்கப்பூர் 1989-இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிலாம் வட்டாரங்களைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. இன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அங்கே பட்டியலில் இருக்கின்றன. நமக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு கிலோமீட்டர் சொச்சம் தண்ணீர், 1924-இல் போட்ட ஒரு பாலம். நம் ஆட்கள் சனி, ஞாயிறு அங்கே போய்ப் பழைய கடைவீட்டின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் இங்கே வந்து மலிவாகக் காப்பி குடிக்கிறார்கள். இந்தச் சமநிலையைக் கெடுப்பானேன்?

இனி நேரடியாகப் பலன் தரும் வேலைக்கு வருவோம். பெயிண்ட்.

பழைய கடைவீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதைப் போல விரைவாகப் பெயர் வாங்கித் தரும் திட்டம் வேறில்லை. திங்கட்கிழமை சாரம் கட்டினால் வெள்ளிக்கிழமை மஞ்சள், நீலம், ரோஜா என்று தெரு முழுக்கக் கல்யாண வீடு. ஆனால் எந்தப் பெயிண்ட் என்பதில் கவனம் தேவை. அந்தக் காலத்துச் செங்கல் சுவரைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டினார்கள். தரையிலிருந்து ஈரம் ஏறாமல் தடுக்க அடியில் ஒன்றும் வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இருக்கவில்லை. மழைக்காலத்தில் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் சுண்ணாம்புப் பூச்சின் வழியே விட்டுவிடும். அதன் மேல் நீங்கள் சிமெண்டைப் பூசி, ரப்பர் போல் இழுபடும் அக்ரிலிக் பெயிண்டை அடித்துவிட்டால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி தெரியாது. மேலே மேலே ஏறும். அதோடு வந்த உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகித் தள்ளும். முதல் ஆண்டு முழங்கால் உயரத்தில் கொப்புளம். இரண்டாம் ஆண்டு விரலால் தொட்டால் வெள்ளை மாவு. மூன்றாம் ஆண்டு கைப்பிடி கைப்பிடியாகச் சாந்து கொட்டி உள்ளே செங்கல் கரைவது தெரியும். உங்கள் தவணையும் மூன்று ஆண்டைத் தாண்டாது. எனவே தாராளமாக அக்ரிலிக்கே அடியுங்கள். சுண்ணாம்பு வேண்டாம். அதற்கு ஊற வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும், நிறமும் படத்தில் அவ்வளவு எடுப்பாக விழாது.

சுவரோவியமும் வைக்கலாம். ஜார்ஜ் டவுன் தெருக்களில் வரைந்து பெயர் பெற்ற லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2013 நவம்பரில் ஜொகூர் பாருவுக்கு வந்து ஒரு மூலைச் சுவரில் வரைந்தார். கைப்பையோடு நடந்து வரும் லெகோ பொம்மைப் பெண். மூலையைத் தாண்டிக் கத்தியோடு காத்திருக்கும் லெகோ கொள்ளைக்காரன். சில நாளில் மாநகர் மன்றம் அதன் மேல் வெள்ளையடித்துவிட்டது. நகரத்தின் பெயர் கெடுகிறதாம். அதற்குப் பிறகுதான் அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. சட்டைகளில் ஏறியது, ஒட்டிகளாக ஊர் ஊராகப் போனது. ஒரு ஓவியத்தை இத்தனை வேகமாக உலகப் பாரம்பரியமாக்கிய ஊராட்சி அநேகமாக வேறு இருக்காது. ஆகவே உங்கள் சுவரில் வண்ணத்துப்பூச்சி, மாட்டு வண்டி, தே தாரிக் இழுக்கும் மாமா என்று வரையச் சொல்லுங்கள். கைப்பை வேண்டாம்.

கட்டடத்துக்குள் யார் இருக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். சுவர் மட்டும் நின்று பயன் என்ன, உள்ளே இருந்த முடிதிருத்தகம், மளிகை, பூக்கடை, பேக்கரி எல்லாம் போய்விட்டால் அது பாரம்பரியமா என்பார்கள். கேள்வி நியாயமானது என்பதால் பதில் சொல்லாதீர்கள். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களில் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்த சட்டம் 2000 ஜனவரி 1 முதல் இல்லாமல் போனது. அதுவரை சில பத்து ரிங்கிட்டுக்குக் குடியிருந்தவர்கள் சந்தை வாடகை கேட்டதும் சாமானைக் கட்டினார்கள். உரிமையாளரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தப் பழைய வாடகையில் ஓடு மாற்றக்கூடக் காணாது. காலியான மாடிகளுக்குப் புதிய குடித்தனமும் வந்து சேர்ந்தது: கூடு கட்டும் உழவாரக் குருவி. மூவார், பத்து பகாட் போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் அண்ணாந்து பாருங்கள். சன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சின்னச் சின்ன ஓட்டை விட்டு, ஒலிபெருக்கியில் விடிந்தது முதல் குருவிச் சத்தம் போட்டுவிட்டிருப்பார்கள். உள்ளே எப்போதும் ஈரம் சொட்ட வேண்டும். அப்போதுதான் பறவை தங்கும். கட்டடத்துக்கு அந்த ஈரம் என்ன செய்யும் என்பதைப் பெயிண்ட் பத்தியில் பார்த்தோம். ஆனால் இந்தக் குடித்தனக்காரர் வாடகை பாக்கி வைப்பதில்லை. கூடு கட்டும் எச்சிலையே பணமாகக் கொடுக்கிறார்.

ஆணையத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று போடுங்கள். கட்டடக் கலைஞர் ஒருவரைச் சேர்த்தால் கேள்வி கேட்பார். இருவரைச் சேர்த்தால் அவர்களுக்குள்ளேயே சண்டை வரும், உங்களுக்கு நிம்மதி. இந்தியப் பிரதிநிதியாக ஒருவரைக் கட்டாயம் போடுங்கள். தீபாவளிக்கு முன் ஜாலான் உங்கு புவானில் விளக்கு எப்போது போடுவது என்பதை மட்டும் அவரிடம் கேளுங்கள். மனிதர் சந்தோஷமாக இருப்பார்.

அவர் கோயில் விஷயத்தைக் கிளப்பினால் மட்டும் கொஞ்சம் உஷார். ஜாலான் உங்கு புவானிலேயே அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம் இருக்கிறது, 1911-இல் எழுந்தது. நூறு ஆண்டைக் கடந்த கோயில், நகரத்தின் நடு இடம், தமிழர் இந்த ஊரில் எப்போது வந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இதை நாம் மன்றத்திடம் பெருமையாகச் சொல்வோம். ஆனால் சொல்வதற்கு முன் நம் வீட்டுக் கதையையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வது நல்லது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு வருகிறது. அது ஆகமம் சொல்கிற காரியம், யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் குடமுழுக்கு என்றால் இடித்துக் கட்டுவது என்று எந்த ஆகமத்தில் இருக்கிறது? நம் நாட்டுக் கோயில் கமிட்டிகள் பலவற்றில் நடப்பது இதுதான்: ஓட்டுக் கூரை போய்க் கான்கிரீட் வரும், செங்கட்டித் தரை போய் வழுக்கும் டைல்ஸ் வரும், தோட்டத்துத் தச்சர் இழைத்த மரத்தூணை யாரோ லோரியில் ஏற்றிக்கொண்டு போவார், அதற்குப் பதிலாக வரும் தூணில் உபயதாரர் பெயர் சாமி பெயரைவிடப் பெரிதாக இருக்கும். இதற்கு மன்றமும் பொறுப்பில்லை, டெவலப்பரும் பொறுப்பில்லை. பழைய முகப்பின் படம் ஒன்றுகூடக் கமிட்டி அறையில் மாட்டியிருக்காது.

இந்த இடத்தில் எல்லாருக்கும் நினைவு வருவது தெப்ராவ் பக்கத்து ராஜ காளியம்மன் கண்ணாடிக் கோயில். 1922-இல் சிறு கொட்டகையாகத் தொடங்கியது. 2009-இல் சுவர், தூண், கூரை என்று லட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகளால் இழைத்துத் திறந்தார்கள். பாதுகாப்பு வல்லுநர் ஒருவரைக் கூட்டிப்போனால் பழையது எங்கே என்று கேட்பார். நான் கோயில் பக்கம். கொட்டகையாகவே இருந்திருந்தால் ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே அதை எந்தப் பட்டியலில் யார் எழுதியிருப்பார்? கண்ணாடி ஒட்டிய பிறகு சுற்றுலா வரைபடத்தில் ஏறிவிட்டது. பழமையைக் காப்பது வேறு, இடத்தைக் காப்பது வேறு. அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது இரண்டாவது. அதைச் சாமர்த்தியமாகச் செய்துவிட்டார்கள்.

மிச்சம் இருப்பது தோட்டம். இதற்குத் தனி வழிகாட்டியே தேவையில்லை, ஏனென்றால் இது எந்த மன்றத்தின் மேசைக்கும் வருவதில்லை. ஜொகூர் தமிழரில் பெரும்பாலோர் கடைத்தெருவில் பிறந்தவர்கள் இல்லை, கித்தாக்காட்டில் பிறந்தவர்கள். பால்மரக் காலத்து உலகத்துக்கு ஒரு வடிவம் இருந்தது. இருட்டோடு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களம், வரிசை லயங்கள், பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக் கொட்டகை, பால் நிறுக்கிற ஸ்டோர், கிராணி வீடு, மேட்டில் துரை பங்களா, கடைசியில் கள்ளுக்கடை, எல்லாவற்றுக்கும் காவலாக மாரியம்மன். மலாயாவின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்திய தொழிற்சாலை எது என்று கேட்டால் இந்த அமைப்பைத்தான் காட்ட வேண்டும். இதில் ஏதாவது ஒன்றைப் பாரம்பரியம் என்று காக்க யாராவது முன்வந்தால், முதலில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பங்களாவில் நல்ல காற்று வரும், ஹோட்டலாக்கலாம்.

மவுண்ட் ஆஸ்டின் இன்று விடிய விடியச் சாப்பாட்டுக் கடைகள் எரியும் நகரம். அது ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர் என்று அங்கே காப்பி குடிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. ரினி தோட்டம் முத்தியாரா ரினி ஆகிவிட்டது. தோட்டத்தின் பெயரைப் பிடிவாதமாக வைத்திருப்பது தமிழ்ப்பள்ளிதான்: லாடாங் ரினி தமிழ்ப்பள்ளி. சுற்றிலும் தோட்டம் கிடையாது, மரம் கிடையாது. பெயர்ப்பலகையில் மட்டும் ‘லாடாங்’ நிற்கிறது. இப்படிப் பெயர் நிற்கும் பள்ளிகள் மாநிலம் முழுக்க இருக்கின்றன. எந்தப் பாரம்பரியத் துறையும் செய்யாததைக் கல்வி அமைச்சின் பதிவேடு தற்செயலாகச் செய்திருக்கிறது.

மரம் என்றதும் ஒரு தகவல். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில், சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை ஊராட்சியின் எழுத்து அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. சில விதிவிலக்குகளும் உண்டு. இருந்தாலும் பாருங்கள், மரத்துக்கு ஓர் அளவு நாடா இருக்கிறது. மூன்று தலைமுறை பிறந்து செத்த லயத்துக்கு எதை வைத்து அளப்பது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. லயத்தில் இருந்தவர்களைக் கேட்டால், அந்த ஒழுகுகிற தகரக் கூரையைக் காத்து என்ன ஆகப்போகிறது என்பார்கள். அதுவும் சரிதான், அங்கே பட்ட பாட்டை நினைவுச் சின்னமாக்கி டிக்கெட் போட வேண்டாம். ஆனால் ஒரு தோட்டத்தில் ஒரு வரிசையாவது, ஒரு பெரட்டுக் களமாவது இன்ன இடத்தில் இருந்தது என்று அளந்து, படம் எடுத்து, இருந்தவர்களிடம் கேட்டு எழுதி வைத்தால் யாருக்கும் நட்டமில்லை. கட்டடம் போனாலும் தாள் நிற்கும்.

அட, பட்டியல் எழுதாதீர்கள் என்று சொன்ன நானே எழுதச் சொல்லிவிட்டேன். போகட்டும். சான்றிதழ் விழாவுக்குக் கூடாரம், மேளதாளம், டத்தோவுக்கு நாற்காலி எல்லாம் அண்ணன் பார்த்துக்கொள்வார். கல்வெட்டில் தமிழும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்; அச்சுக்குப் போகும் முன் எழுத்து உடைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அவரை இத்தோடு விட்டுவிட்டு, இதைப் படிக்கிற மற்றவர்களிடம் ஒரு வார்த்தை.

அதே திட்டமிடல் சட்டத்தில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஊராட்சி தன் வட்டாரத்துக்கான உள்ளூர்த் திட்டத்தின் வரைவைத் தயாரித்ததும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். எந்தத் தெருவில் எத்தனை மாடி, எது வணிக நிலம், எது பாதுகாக்க வேண்டிய வட்டாரம் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் தீர்மானமாகிறது. இடிக்கிற இயந்திரம் வந்து நின்ற பிறகு வாட்ஸ்அப்பில் அழுவதைவிட, இந்த நான்கு வாரத்தில் ஒரு கடிதம் கொடுப்பது மேல். உங்கள் கோயில், உங்கள் பழைய பள்ளி, உங்கள் அப்பா கடை வைத்திருந்த வரிசை எந்த லாட்டில் இருக்கிறது, எந்த ஆண்டுக் கட்டடம், அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு படம் ஒட்டுங்கள். மலாயில் எழுத வரவில்லை என்றால் பேரப்பிள்ளையிடம் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் எழுதித் தருவான். முகப்பில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி, நகலை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.